கோப்பி வேண்டாம், சிக்கு

எங்கள் தோட்டத்தில் பரீட்சையைப் பரீட்சை என்று யாரும் சொல்லமாட்டார்கள். சோதனை என்றுதான் சொல்வோம். மாதச் சோதனை, அரையாண்டுச் சோதனை, வருடக் கடைசிச் சோதனை. அதனால் ஞாயிறு பள்ளியில் பரமண்டல ஜெபத்தை மனப்பாடம் செய்த நாளிலிருந்து, எங்களைச் சோதனையிலிருந்து விலக்கிக் காக்கும்படி கேட்கும் அந்த இடம் வந்தால் நான் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வேன். கணக்குச் சோதனை வராமல் இருக்க உலகத்திலுள்ள கிறிஸ்தவர்கள் எல்லாரும் தினமும் ஜெபிக்கிறார்கள் என்று நினைத்தால் பெரிய ஆறுதலாக இருக்கும். ஒரு நாள் அதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "அது பள்ளிக்கூடச் சோதனை இல்லம்மா, பாவத்துல விழ வைக்கிற சோதனை" என்றார். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பாவம் எனக்குத் தூரத்தில் இருந்தது. கணக்குதான் பக்கத்தில் இருந்தது.

நாற்பத்து மூன்று வயதில் அந்த இரண்டு சோதனையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எனக்கு வந்தன.

என் கணவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து வேன் டிரைவர். தொழிலாளர் வீட்டு வரிசைகளான மேல் லயத்திலும் நடு லயத்திலும் இருக்கிற சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து, ஃபேக்டரிக்குப் பக்கத்திலுள்ள பாலர் பள்ளியில் விடுவது அவர் வேலை. வேன் தோட்டத்து ரோட்டை விட்டு வெளியே போகாது. ஆனால் அந்த ரோட்டுக்கு ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பள்ளம், பாதி நாள் நடுவில் மூடுபனி. அதே வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். அதோடு நான்தான் கட்டைக்காரி.

ஏற்றத்தில் வேன் நிற்க வேண்டி வந்தால் அவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு "கட்டை!" என்பார். நான் இறங்கி, ஆப்பு மாதிரிச் செதுக்கிய மரக்கட்டையைப் பின் டயருக்கு அடியில் செருகுவேன். வேன் முன்னே நகர்ந்ததும் கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொள்வேன். பதினாறு வருடம் அப்படி ஓடினேன். பிள்ளைகள் எனக்குக் கட்டை ஆண்ட்டி என்றே பேர் வைத்திருந்தார்கள். "கட்டை வைக்காம ஏத்தத்துல வண்டி எடுக்கமாட்டாரு, அவ்வளவு கவனம்" என்று தோட்டமே என் கணவரை மெச்சும். எனக்கும் அதில் பெருமைதான்.

பிறகு சர்க்கரை அவர் கண்ணில் இறங்கியது. இனி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது டிரைவருக்கென்று ஒதுக்கிய வீடு. டிரைவர் இல்லையென்றால் வீடும் இல்லை. மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். அந்தத் துரை நல்ல மனுஷர். வருடக் கடைசி விடுமுறை முடிவதற்குள் நான் லேசென், அதாவது வண்டி ஓட்டும் லைசென்ஸ், எடுத்துவிட்டால் வேனும் எனக்கு, வீடும் எங்களுக்கு என்றார். அந்த வீட்டில் பெரிய விசேஷம் ஒன்றுமில்லை. தகரக் கூரை. காற்றடித்தால் பட்பட்டென்று மோதும் பின்கதவு. ஆனால் எங்களுக்கு வேறு வீடு கிடையாது. பக்கத்து டவுனான பிரிஞ்சாங்கில் வாடகை என்னவென்று கேட்டால், கேட்ட இடத்திலேயே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட வேண்டும்.

லேசென் எடுக்க மலையை விட்டு இறங்க வேண்டும். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அங்கே எனக்குக் கார் பழக்கியவர் ஒரு தமிழர். கார் பழக்குகிறவரை இந்த நாட்டில் எல்லாரும் சிக்கு என்பார்கள். மலாயில் வாத்தியார் என்று அர்த்தம். மற்றதெல்லாம் எனக்குச் சீக்கிரமே கைவந்தது. புக்கிட் மட்டும் வரவில்லை. புக்கிட் என்றால் மலை. லேசென் சோதனை வைக்கும் மைதானத்தில் அது சிமெண்டில் கட்டிய ஒரு மேடு, அவ்வளவுதான். எங்கள் லயத்துக்கு ஏறும் படிக்கட்டு அதைவிட உயரம். மேட்டில் பாதி ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, காரைப் பின்னால் உருளவிடாமல் மறுபடி எடுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து மலையிலேயே கிடப்பவள், அந்த மேட்டில் இரண்டு தடவை தோற்றேன். இரண்டு தடவையும் கார் வழுக்கிக்கொண்டு கீழே வந்தது.

வீட்டில் என் கணவர்தான் தைரியம் சொன்னார். தோட்டத்து ரோட்டில் வேனிலேயே பழக்கினார். அவர் பழக்கியது கட்டையை வைத்துத்தான். சோதனை மைதானத்துக்குக் கட்டையைக் கொண்டுபோக முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றாமல் இல்லை. ஆனாலும் ஏனோ அதைப் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாவது தடவை தோற்று நின்றபோது சிக்கு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, ஏன் மொகத்த இப்படி வச்சிருக்கீங்க? அடுத்த தடவ கோப்பி போட்டுரலாம் லா."

கோப்பி லேசென் என்றால் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காப்பிக்கென்று சொல்லிக் கொடுக்கிற லஞ்சம், அந்தக் கோப்பிக் காசு கைமாறினால் கார் வழுக்கினாலும் வழுக்காது. தேத்தண்ணியிலேயே பிழைக்கிற எங்களிடம் வந்து, கோப்பியைக் காட்டி ஆசை மூட்டுகிறார்கள் பாருங்கள்.

"லேசென் கைக்கு வந்தப்புறம் குடுத்தா போதும்," என்றார் அவர். "உங்க நெலம எனக்குத் தெரியும். வீடு போயிருமே."

"பாக்கலாம், சிக்கு," என்றேன்.

பாக்கலாம் என்பது எங்கள் பேச்சில் ஒரு விசித்திரமான சொல். கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவரிடம் பாக்கலாம் என்றால் வரமாட்டோம் என்று அர்த்தம், அவருக்கும் அது தெரியும். சீட்டுப் பிடிக்கச் சொல்கிறவரிடம் பாக்கலாம் என்றால் ஆளை விடு என்று அர்த்தம். முகத்தை முறிக்காமல் முடியாது என்று சொல்ல அதைவிட நல்ல சொல் கிடையாது. நானும் முடியாது என்றுதான் சொன்னேன் என்று பஸ் ஏறும்வரை என்னை நானே நம்பவைத்தேன். மலை பாதி ஏறுவதற்குள் தெரிந்துவிட்டது. நான் அன்று சொன்ன பாக்கலாம், நிஜமாகவே பார்க்கலாம் என்கிற பாக்கலாம்.

அடுத்த மூன்று வாரமும் நான் ஆண்டவரிடம் வக்கீல் மாதிரி வாதாடினேன். நான் யார் குடியைக் கெடுக்கப் போகிறேன்? வேன் தோட்டத்துக்குள்ளேதானே ஓடுகிறது? கட்டைதான் இருக்கிறதே? கண் தெரியாத மனுஷனை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பதுதான் உமக்குச் சித்தமா? அவர் ஒன்றும் பேசவில்லை. அதனால் ஒரு அடையாளம் கேட்டேன். ஆண்டவரே, நாளைக்கு மழை பெய்தால் கோப்பிக்கு நீர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்று ஜெபித்தேன்.

மழைக்காலத்தில், எங்கள் கேமரன் மலையில், மழையை அடையாளமாகக் கேட்டவள் நான். மறுநாள் மழை கொட்டித் தீர்த்தது. ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மழை பெய்யாவிட்டால் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு ஏன் வரவில்லை? பதில் தெரியும் என்பதால், ஆண்டவரிடமே விடைத்தாளை முதலில் எழுதிவைத்துக்கொண்டு கேள்வி கேட்டிருக்கிறேன். அப்போதும் சிக்குவுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டு அப்படியே இருந்தேன்.

மூன்றாவது சோதனை நாள் காலை. சோதனைக்கு வந்தவர்கள் மைதானத்துக்கு ஓரமாக இருந்த கேன்டீன் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எங்கள் மலையிலுள்ள கோலா தெர்லாவிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். சிக்கு வந்து குனிந்து என் காதருகே சொன்னார்.

"எல்லாம் சொல்லியாச்சு. புக்கிட்ல கொஞ்சம் வழுக்குனாலும் பயப்படாதீங்க."

"நான் பாக்கலாம்னுதானே சொன்னேன்?"

"ஆமா. அதான் பாத்துட்டேன்."

உண்மையிலேயே அவர் யாரிடமாவது சொல்லியிருந்தாரா, அல்லது நானாகத் தேறினாலும் காசு வாங்கிக்கொள்ளலாம் என்று சும்மா சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. அது எனக்கு வேண்டியதும் இல்லை. அவர் சொல்லிவைத்ததாகவே நம்பினேன். நம்பிய அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது பயமில்லை, நிம்மதி. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பாடா, வீடு தப்பியது என்று நெஞ்சு குளிர்ந்துபோனது.

எந்தச் சோதனைக்கு முன்னாலும் பரமண்டல ஜெபம் சொல்வது என் பழைய வழக்கம். அன்றும் கண்ணை மூடி முணுமுணுத்தேன். அந்த இடம் வந்தது. வழக்கம்போல் கண்ணை இறுக்கினேன். வாய் அங்கேயே நின்றுவிட்டது. சோதனையிலிருந்து காத்தருளும் என்று கேட்கிறேன். சோதனைக்குப் பாக்கலாம் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்ததும் நான்தான். வாசலைத் திறந்துபோட்டுவிட்டுத் திருடன் வராமல் பார்த்துக்கொள்ளும் என்று கேட்கிற ஆளைப் பற்றி என்ன நினைப்பது? கூடவே அந்த வேன் நினைவுக்கு வந்தது. பதினொரு பிள்ளைகள், மூடுபனி, ஒரு பக்கம் பள்ளம், ஏற்றத்தில் எடுக்கத் தெரியாமல் ஸ்டீயரிங் பிடித்துக்கொண்டு நான். இனி கட்டை வைக்க யார் இறங்குவார்கள்? பாதிக் கண் தெரியாத என் கணவரா?

எழுந்து போனேன். சிக்கு கேன்டீன் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார்.

"கோப்பி வேண்டாம், சிக்கு."

"அப்ப தேத்தண்ணி ஆர்டர் பண்ணவா?"

"குடிக்கிற கோப்பி இல்ல. மத்த கோப்பி."

அவர் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவா பேசுங்கக்கா! இப்ப வந்து சொன்னா எப்படி?"

"எப்படியோ சொல்லிருங்க. எனக்கு வேண்டாம். நான் அப்பவே சொல்லிருக்கணும். பாக்கலாம்னு சொன்னது என் தப்பு."

"தோத்துருவீங்க."

"தோத்துட்டுப் போறேன்."

தோற்றேன். இந்த இடத்தில் கார் அற்புதமாக மேட்டில் ஏறியது என்று எழுத எனக்கும் ஆசைதான். மஞ்சள் கோட்டில் நிறுத்தினேன், ஹேண்ட்பிரேக்கை விட்டேன், கார் எந்த அவசரமும் இல்லாமல் பின்னால் உருண்டு கீழே வந்து நின்றது. மூன்றாவது தடவை.

திரும்பி மலை ஏறும் பஸ்ஸில் ஆண்டவரோடு சண்டை போட்டேன். என் பங்கை நான் செய்துவிட்டேன், உம்முடைய பங்கு எங்கே என்று கேட்டேன். ஜெபம் மாதிரியெல்லாம் இல்லை, சந்தையில் பேசுகிற மாதிரி. சபையில் வாராவாரம் சாட்சி சொல்கிறவர்கள் எல்லாரும் ஜெயித்தவர்கள்தான். ஆண்டவருக்காகச் சோதனையைத் தள்ளினேன், அதனால் சோதனையில் தோற்றேன், வீடும் போகப்போகிறது என்று எந்தச் சாட்சியில் சொல்வது? ஒவ்வொரு வளைவிலும் அழுதேன். பக்கத்து சீட்டிலிருந்த சீனத்துப் பெண்மணி, எனக்கு வாந்தி வருகிறதென்று நினைத்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. என் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அவர் கண்ணில் வெளிச்சம் இல்லை. அதனால் சொன்னேன். கோப்பி, மழை, பாக்கலாம், எல்லாவற்றையும் சொன்னேன். கோபத்தில் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார். "நான் அந்தப் புக்கிட்ட எடுத்ததே இல்ல."

"எந்தப் புக்கிட்ட?"

"சோதன புக்கிட்ட. எனக்கு அப்ப இருவது வயசு. ரெண்டு தடவ வழுக்கிருச்சு. மூணாந்தடவ கோப்பி."

அவர் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். வேன் வேலையில் சேர்ந்த புதிதில், பிள்ளைகள் ஏறியிருந்தபோது ஏற்றத்தில் வண்டி பின்னால் போய் ரோட்டோரச் சாக்கடைக் கானில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை, மழை ஈரத்தில் வழுக்கியது என்று சொல்லித் தப்பித்துவிட்டார். மறுநாளே ஒரு மரத்துண்டைக் கொண்டுவந்து கட்டை செதுக்கினார். அதற்குப் பிறகுதான் நான் வேனில் வேலைக்குச் சேர்ந்தேன்.

"கவனம்னு எல்லாரும் சொன்னாங்க," என்றார். "பயம். வெறும் பயம்தான். தெனமும் காலையில ஸ்டார்ட் பண்றப்ப எனக்குக் கை நடுங்கும். ஞாயித்துக்கெழம ராப்போஜனம் எடுக்கறப்பகூட அதான் ஞாபகம் வரும்."

பதினாறு வருடம் மழையிலும் சேற்றிலும் நான் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது எதற்கென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரக்கம் முதலில் வரவில்லை. பயங்கரக் கோபம் வந்தது. தெரியாததைத்தான் எனக்குப் பழக்கினீர்களா என்று கத்தினேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் குழம்பில் உப்பு அதிகம் என்று தெரிந்தும் அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கிளம்பினார். எங்கே என்று கேட்டால் ஆபிசுக்கு என்றார். எனக்குப் பயமாகிவிட்டது, கூடவே போனேன். ஆபிசில் துரை இல்லை. கிராணி இருந்தார், தோட்டத்துக் கணக்குவழக்குகளைப் பார்க்கிறவர். நெற்றியில் எப்போதும் திருநீறு பளிச்சென்று இருக்கும். அவருடைய மகளும் எங்கள் வேனில் வருகிற பிள்ளைதான்.

என் கணவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "கிராணியாரே, நான் கோப்பி லேசென்ல ஓட்டுனவன்," என்று ஆரம்பித்து, கானில் இறங்கியதுவரை ஒன்று விடாமல் சொன்னார். "இவளுக்கும் கோப்பி கெடச்சுச்சு. வேண்டாம்னு சொல்லித் தோத்துட்டு வந்திருக்கா. எங்களுக்கு இன்னும் ஒரு மாசம் குடுக்க முடியுமா? முடியாதுன்னா வீட்ட விட்டுர்றோம்."

அவர் வாழ்நாள் முழுக்கச் சம்பாதித்த ஒரே பேர், கவனமான டிரைவர் என்கிற பேர். அதை அந்த மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். என் கோபம் அங்கேதான் கரைந்தது. இவ்வளவு தைரியம் இந்த மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தேன். எங்கிருந்து என்று எனக்கே தெரியும். பஸ்ஸில் வைத்து உம்முடைய பங்கு எங்கே என்று கேட்டேனே, அதற்குப் பதில் அங்கே நின்றுகொண்டிருந்தது.

கிராணி மேசையிலிருந்த கணக்குப் புத்தகத்தை மூடிவைத்தார்.

"கட்ட ஏன்னு இப்பதான் தெரியுது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "துரைகிட்ட நான் பேசறேன். ஒரு மாசத்துக்கு லோரி டிரைவர வேன எடுக்கச் சொல்வோம். ஆனா அக்கா, லேசென் வந்தப்புறம் மொத நாள் என் மகள நானே வந்து ஏத்திவிடுவேன். நீங்க ஏத்தத்துல எடுக்கறத நான் பாக்கணும்" என்றார். அவர் சொன்ன பாக்கணும், நிஜமான பாக்கணும்.

மறுபடி மலை இறங்கினேன். சிக்கு என்னைக் கண்டதும் தலையைச் சொறிந்தார். புக்கிட் எடுக்க எனக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

"ரொம்பப் பேர் இத கேக்கறதே இல்லக்கா," என்றார். குரலில் கொஞ்சம் வெட்கம் இருந்த மாதிரி எனக்குப் பட்டது. அன்று அவர் மற்றவர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, மத்தியானம் முழுக்க என்னோடு அந்த மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

"கிளட்ச மெதுவா விடுங்க. மெதுவா. இப்ப காரு நடுங்குதா?"

"நடுங்குது சிக்கு, பயமா இருக்கு."

"நடுங்கறப்பதான் நீங்க பயந்து கிளட்ச மறுபடி மிதிச்சுர்றீங்க. அதான் வழுக்குது. நடுங்குச்சுன்னா கிளட்ச் புடிச்சிருச்சுன்னு அர்த்தம். புடிச்சப்புறம் அது உங்கள விடாது. இப்ப ஹேண்ட்பிரேக்க விடுங்க."

விட்டேன். கார் நடுங்கிக்கொண்டே, ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல், அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமாக நடுங்கினால் விழப்போகிறோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், என் கணவரும் நினைத்திருந்தார். ஜெபத்திலும் அப்படியேதான். நெஞ்சு நடுங்கினால் ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று முடிவுகட்டிக் கிளட்சை மிதித்துவிடுகிற ஆள் நான். மழையைக் கேட்டதும் அதனால்தான்.

நான்காவது தடவை தேறினேன். சிக்குவுக்கு நானே ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்தேன், குடிக்கிற கோப்பி. அவர் சிரித்துக்கொண்டே குடித்தார்.

நான் வேன் ஓட்டிய முதல் நாள், கிராணி சொன்னபடி நடு லயத்து முனையில் மகளோடு நின்றிருந்தார். பிள்ளையை ஏற்றிவிட்டு மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். என் கணவர் எனக்குப் பக்கத்தில், நான் பதினாறு வருடம் உட்கார்ந்த சீட்டில் உட்கார்ந்திருந்தார். காலடியில் கட்டை. ஃபேக்டரிக்கு முன்னால் இருக்கும் பெரிய ஏற்றத்தில், கொழுந்து ஏற்றிய லோரி ஒன்று எங்களுக்கு முன்னால் நின்றுவிட்டது. மூடுபனியில் அதன் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. நானும் நிறுத்தினேன்.

"கட்டை!" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் எல்லாரும் பழக்கதோஷத்தில் கத்தினார்கள். என் கணவர் குனிந்து கட்டையை எடுத்துவிட்டார். ஒரு கை கதவில் இருந்தது.

"எறங்காதீங்க," என்றேன்.

லோரி நகர்ந்தது. கிளட்சை மெதுவாக விட்டேன். வேன் நடுங்கியது, என் கையும் நடுங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. "புடிச்சிருச்சு," என்று அவரிடம் சொல்லிவிட்டு ஹேண்ட்பிரேக்கை விட்டேன். வேன் ஏறியது. பின்னால் கிராணியின் மோட்டார் ஒரு தடவை ஹார்ன் அடித்துவிட்டு ஆபிஸ் பக்கம் திரும்பியது.

பள்ளி வாசலில் பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகும் என் கணவர் இறங்கவில்லை. மடியில் கட்டையை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். கண் ஈரமாக இருந்தது.

"நம்ம பின்கதவு காத்துல அடிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பியே," என்றார். "அதுக்கு இது ஆகும் லா."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.